வீடு வாங்குமுன் தேடவேண்டியவை

'வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இரண்டும் இடர் மிகுந்த காரியங்கள் என்பது கருத்து. கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவதைப்பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அக்காலத்திலே வீடும் வளவும் தாய்வழியிலோ தந்தைவழியிலோ வந்து சேர்வதே வழக்கு. அந்நியரிடம் விலைகொடுத்து வாங்குவது அருமை. இன்று நிலைமை மாறிவிட்டது. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. அவற்றுக்கு உரியவர்கள் கொழும்பிலும் இலண்டனிலும் பாரிசிலும் தொரந்தோவிலும் வாழ்கின்றனர். விற்க விரும்புவோரும் உளர். வாங்க விரும்புவோரும் உளர். வாழ்நாளிலே ஒருமுறை செய்யும் பெருஞ்செலவு இது. ஆகவே, வீடு வாங்குவோர் தம் பணத்தைக் கொடுக்குமுன் எவற்றைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பதை இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகிறேன். நான் சொல்வன தீவகம் முழுவதுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கும் பயன்படலாம்.

முதலில் உறுதி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழகத்தார் பத்திரம் என்பதை நாம் உறுதி என்கிறோம். அழகான சொல், ஆயினும் சற்றே மயக்கந் தரும் சொல். பெயர் உறுதி என்றிருப்பதனாலே, அதில் எழுதப்பட்டவையெல்லாம் உறுதியானவை என்று நம்பிவிடுகிறோம். 'உறுதி இருக்கிறது, பதிந்தும் இருக்கிறது, இனி என்ன?' என்று கேட்கிறோம். காணிப் பதிவகத்திலே பதியப்படுவது உறுதியேயன்றி உரிமையன்று. ஒருவர் இன்ன நாளில், இன்ன நொத்தாரிசு முன்னிலையில், இன்ன காணியைக் கைமாற்றியதாக எழுதி ஒப்பமிட்டார் என்பதையே பதிவேடு சொல்லும். அவருக்கு அக்காணி உரியதாயிருந்ததா என்பதை அது சொல்லாது. தம்மிடம் இல்லாத உரிமையை எவரும் பிறருக்குக் கொடுத்தல் இயலாது. எத்துணை அழகாக எழுதப்பட்ட உறுதியாயினும் இவ்விதிக்கு விலக்கன்று.

ஆதலின் தேடுதல் மூன்று இடங்களிலே நடைபெறவேண்டும். ஒன்று பதிவேடு, மற்றொன்று குடும்பம், பிறிதொன்று நிலம். இம்மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் அச்சமின்றி வாங்கலாம். ஒன்று ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் சொன்னால், காரணம் தெரியும்வரை கைப்பணத்தைக் கையிலேயே வைத்திருத்தல் நன்று.

இந்த மும்முனைத் தேடுதல் புதிதாக வந்ததன்று. தேசவழமை என்னும் யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். ஒல்லாந்தர் ஆட்சியிலே தேசாதிபதி சைமன்சு கேட்டுக்கொண்டபடி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாசு ஐசாக்சு அதனைத் தொகுத்து 1707ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஒப்படைத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டனர். பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலிமை கொடுத்தனர். அத்தொகுப்பிலே காணி விற்பனைபற்றி ஒரு செய்தி உண்டு. காணியை விற்க எண்ணியவர், வாரிசுகளும் பங்குக்காரரும் அக்காணியை ஈடாகக் கொண்டிருந்த அயலவரும் அறியும்படி தம் எண்ணத்தை வெளியிடுதல் வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் அவ்வறிவித்தல் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலே கோவிற்பற்றுத் தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது. ஊர் கேட்டபின்னரே விற்பனை. ஏட்டைக்காட்டிலும் ஊரின் நினைவையே அக்காலத்தார் பெரிதும் நம்பினர் என்பது இதனாற் புலனாகும்.

ஏடும் இல்லாமற் போகவில்லை. போர்த்துக்கேயரும் அவரைத் தொடர்ந்து ஒல்லாந்தரும் காணிகளையும் குடிகளையும் பதிந்த இடாப்புக்களுக்குத் தோம்பு என்று பெயர். போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல் அது. தோம்பு போய் நெடுங்காலமாயிற்று, சொல் போகவில்லை. காணிப் பதிவகத்திலே தேடிப் பார்ப்பதை நம்மவர் இன்றும் தோம்பு பார்த்தல் என்று சொல்லக் கேட்கிறோம்.

இனி இன்றைய சட்டத்துக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியைப்பற்றிய விற்பனை எழுத்தில் இருக்கவேண்டும் என்றும், நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் குறைந்தது இரு சாட்சிகளோடு ஒப்பமிடப்படவேண்டும் என்றும் விதித்தது. வாய்ப்பேச்சாலும் வெறுங் கடிதத்தாலும் காணி கைமாறாது. முற்பணம் கொடுத்துத் துண்டுக் கடிதம் எழுதி வாங்கியோர், பின்னர் விற்பவர் மனம் மாறினால் வருந்துவதன் காரணம் இதுவே.

1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டமோ இன்னொரு கடமையை நொத்தாரிசின்மீது வைத்தது. காணியைப் பாதிக்கும் உறுதி எதனையும் வரையுமுன் அவர் பதிவேடுகளைத் தேடவேண்டும். முன்னைய பதிவின் ஏட்டிலக்கத்தையும் பக்கத்தையும் உறுதியின் தலைப்பிலே குறிக்கவேண்டும். ஆனால் அச்சட்டம் ஒரு வாயிலையும் திறந்து வைத்தது. தேடுதல் வேண்டாமென்று தரப்பார் எழுத்தில் இசைந்தால், நொத்தாரிசு தேடவேண்டிய கட்டாயமில்லை. சிறு செலவை மிச்சம்பிடிக்க எண்ணியோ, நல்ல நாள் தவறிப்போகுமென்று அவசரப்பட்டோ இவ்வாறு எழுதிக் கொடுப்போர் உண்டு. நேயர்களே, இந்த ஒப்பத்தை மாத்திரம் ஒருபோதும் இடாதீர்கள். விற்பவர் கொண்டுவரும் நொத்தாரிசு நல்லவராயிருக்கலாம். ஆயினும் வாங்குபவர் தமக்கென ஒருவரை அமர்த்திக்கொள்ளல் முறை.

பதிவகத்திலே தேடுபவர் எவற்றைப் பார்க்கிறார்? ஒவ்வொரு காணிக்கும் ஓர் ஏட்டிலே ஒரு பக்கம் திறக்கப்பட்டிருக்கும். அப்பக்கம் நிரம்பினால் வேறோர் ஏட்டுக்குக் கொண்டுசெல்லப்படும். இச்சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துச் செல்லவேண்டும். விற்பனை, நன்கொடை, சீதனம் ஆகியவற்றோடு, ஈடு இருக்கிறதா, அது மீட்கப்பட்டதா, நீதிமன்றக் கட்டளையாற் காணி கைப்பற்றப்பட்டதா, வழக்கு நிலுவையில் இருப்பதாக அறிவித்தல் பதியப்பட்டதா என்பனவும் அங்கே காணப்படும். பங்கு பிரிக்கும் வழக்கு நடந்துகொண்டிருக்குமாயின் மிக்க கவனம் வேண்டும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, அத்தகைய வழக்குப் பதியப்பட்டபின் முடிவு வருமுன் செய்யும் விற்பனை செல்லுபடியாகாது. பக்கத்தைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், பதிவுக்குக் கொடுக்கப்பட்டு இன்னும் பக்கத்தில் ஏறாத உறுதிகளைக் காட்டும் நாட்பதிவேட்டையும் பார்த்தல் வேண்டும்.

வாங்கியபின்னரும் ஒரு கடமை உண்டு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பதியப்படாத முந்திய உறுதியைவிட, விலைகொடுத்துப் பெற்று முதலிற் பதியப்பட்ட பிந்திய உறுதிக்கு, மோசடியும் கூட்டுச்சதியும் இல்லாதவிடத்து, முதன்மை அளிக்கிறது. ஒரே வீட்டை ஒருவர் இருவருக்கு விற்றால், முந்தி வாங்கியவர் தோற்கவும் பிந்தி வாங்கி முந்திப் பதிந்தவர் வெல்லவும் இதனால் இடமுண்டு. ஆகவே உறுதியைப் பெட்டியிலே பூட்டி வைப்பதற்குமுன் பதிவுக்குச் சமர்ப்பித்தல் அவசியம்.

இவ்வளவும் பார்த்துவிட்டோம், பதிவேடு சுத்தமாயிருக்கிறது. போதுமா? போதாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இது கற்பனைக் குடும்பம். ஆனால் இத்தகைய வழக்குகள் நம் நீதிமன்றங்களுக்குப் புதியனவல்ல.

வேலணையிலே நாலு பரப்பு வளவு. அதிலே ஒரு கல்வீடு. 1936ஆம் ஆண்டில் தந்தை ஒருவர் அதனை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார், உறுதியும் பதியப்பட்டது. அந்த அம்மையார் கணவரை இழந்தபின் 1978ஆம் ஆண்டில், உறுதியோ மரணசாதனமோ எழுதாமற் காலமானார். பிள்ளைகள் நால்வர். மூத்தவர் ஊரிலே இருந்தார். தங்கை நயினாதீவிலே வாழ்க்கைப்பட்டார். தம்பியொருவர் கொழும்பிலே கடை வைத்திருந்து, மனைவியையும் ஒரு பிள்ளையையும் விட்டு இறந்தார். கடைசித் தம்பி கனடாவுக்குப் போய்விட்டார். 2012ஆம் ஆண்டில் மூத்தவர் நொத்தாரிசு ஒருவரிடம் சென்று, தாமே பத்து ஆண்டுகளுக்குமேல் தனித்து ஆண்டுவந்தவர் என்றும் ஆதலின் தாமே முழு உரிமையாளர் என்றும் தாமே வெளிப்படுத்தி ஓர் உறுதி முடிப்பித்துப் பதிந்துகொண்டார். இப்பொழுது அவர் வீட்டை விற்க வருகிறார்.

பதிவேட்டிலே என்ன தெரியும்? 1936ஆம் ஆண்டின் சீதன உறுதி தெரியும். 2012ஆம் ஆண்டின் உறுதி தெரியும். ஈடில்லை, வழக்கில்லை. நயினாதீவுத் தங்கையும் கொழும்பு விதவையும் கனடாத் தம்பியும் அங்கே இல்லை. ஏனெனில் மரணம் பதிவகத்தின் காணிப் பக்கத்திலே பதியப்படுவதில்லை, பிறப்பும் பதியப்படுவதில்லை. உண்மையில் மூத்தவருக்கு உரியது நாலில் ஒரு பங்கு. அதுவும் பிரிக்கப்படாத பங்கு. வாங்குபவர் நாலு பரப்புக்கு விலைகொடுத்து, ஒரு பரப்பளவான பங்கைப் பெற்று, முன்பின் அறியாத மூவருடன் கூட்டுரிமையாளராகிறார்.

'அவர் பத்து ஆண்டு ஆண்டுவிட்டாரே, அது போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், எதிருரிமையோடு பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவருக்கு உரிமை தருகிறது என்பது மெய். ஆனால் கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி, சட்டத்தின் கண்ணிலே எல்லாக் கூட்டுரிமையாளரின் ஆட்சியாகும். கொறையா எதிர் இசேரிசு அப்புகாமி என்னும் வழக்கிலே கோமறைக் கழகம் 1911ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக்கிற்று. மற்றவர்களை அவர்கள் அறியத் தள்ளிவைத்து, அவர்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்தாலன்றி, அண்ணனின் ஆட்சி தம்பி தங்கையருக்கு எதிரான ஆட்சி ஆகாது. வீட்டைக் காவல் காத்ததும் பனையில் ஓலை வெட்டியதும் மாத்திரம் போதா.

இதனாலேதான் குடும்பத்தைத் தேடவேண்டும் என்றேன். கடைசி உறுதியிலே பெயருள்ளவர் உயிரோடிருக்கிறாரா? இல்லையேல் எப்பொழுது இறந்தார்? பிள்ளைகள் எத்தனைபேர்? அவர்களுள் இறந்தவருக்கு வாரிசுகள் யார்? மரணசாதன வழக்கு நடந்ததா? இவ்வினாக்களுக்கு விடையாக ஒரு வமிசாவளியை எழுதி, இறப்பு, பிறப்பு, விவாகப் பதிவுத் துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஊரிலே வயது முதிர்ந்தவர் இருவரிடம் தனித்தனியே விசாரித்தால், துண்டுகளில் வராத பெயர்களும் வெளிவரும்.

தேசவழமைக்குட்பட்டவர்களிடம் இன்னும் சில கேள்விகளைக் கேட்கவேண்டும். காணி முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா? விவாகமானபின் தேடிய தேட்டமாயின், கணவனோ மனைவியோ இறந்தபின் எஞ்சியவர் தனியே முழுவதையும் விற்க இயலாது. இறந்தவரின் வாரிசுகளுக்கு அதிலே பங்குண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தை வேண்டிற்று. ஆகவே பழைய உறுதிச் சங்கிலியிலே பெண்ணொருவர் விற்ற உறுதி வந்தால், கணவனின் ஒப்பம் அங்கே இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். தன் சொத்தை விற்கப் பெண்ணுக்கு மற்றொருவர் ஒப்பம் ஏன் என்று இன்று பலர் கேட்பது நியாயமே. ஆனால் பழைய உறுதியின் வலிமையை அன்றிருந்த சட்டத்தைக் கொண்டே நொத்தாரிசு அளப்பார்.

முற்கொள்வுரிமையும் உண்டு. பிறருக்கு விற்குமுன் தமக்குத் தரவேண்டுமென்று கேட்கும் உரிமை அது. மூன்று ஞாயிறு வாசித்த பழைய வழக்கின் வழித்தோன்றல் எனலாம். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதனைக் கூட்டுரிமையாளருக்கும், விற்பவர் அந்நேரம் இறந்தால் வாரிசாகக்கூடியவர்களுக்கும் என்று வரையறுத்தது. இவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடாது பிரியாப் பங்கை விற்றால், அவர்கள் நீதிமன்றம் சென்று அவ்விற்பனையைத் தம்பால் திருப்பிக்கொள்ள முயலலாம்.

நேயர்களே, வேறிடங்களில் அத்துணை முக்கியமில்லாத ஒரு செய்தி தீவகத்திலே மிக முக்கியமாகிறது. உரிமையை முப்பது ஆண்டு பின்னோக்கித் தேடுதல் நொத்தாரிசுமார் வழக்கம். கடன் கொடுக்கும் வங்கிகளும் அவ்வளவே கேட்பதுண்டு. ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமும், சிறுபராயம் முதலிய இயலாமைகள் இருந்தாலும், முப்பது ஆண்டு எதிர் ஆட்சியை முடிந்த சான்றாகக் கொள்ளுகிறது. சாதாரண ஊருக்கு முப்பது ஆண்டு ஒரு தலைமுறைக் காலம். அதற்குள் ஒரு விற்பனையோ சீதனமோ நிகழ்ந்திருக்கும். தீவகத்திலே இன்று முப்பது ஆண்டு பின்னோக்கிச் சென்றால் எங்கே போய் நிற்போம்? 1990களிலே. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போர் காரணமாக வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். உறுதி முடிக்க ஆளில்லை; எல்லை காட்ட அயலவரில்லை. அக்காலப் பக்கம் வெறுமையாயிருப்பது, சிக்கல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மனிதர் இல்லை என்பதற்கே சான்று. ஆதலின் தீவகத்திலே தேடுபவர், இடப்பெயர்வுக்கு முன்னே ஊர் ஊராக இருந்த காலத்தில் முடிந்த நல்ல உறுதியொன்று கிடைக்கும்வரை செல்லுதல் வேண்டும். ஐம்பது அறுபது ஆண்டுகள் போகவேண்டியிருந்தாலும் போதல் நன்று.

அகன்றிருந்த காலத்தைச் சட்டமும் முற்றாக மறக்கவில்லை. ஆயுதக் குழுவின் செயல்களால் 1983ஆம் ஆண்டு மே மாதம் முதல் 2009ஆம் ஆண்டு மே மாதம்வரை தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தவர்களை நோக்கி, 2016ஆம் ஆண்டில் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. வெளியே ஓடியவரின் வெறுமையான வளவிலே யாரோ குடியிருந்தார். அதனால் அவருக்கே அது சொந்தம் என்று எளிதிற் சொல்லிவிட முடியாது என்பதை இச்சட்டம் நினைவூட்டுகிறது. போர்க்கால ஆட்சியை மாத்திரம் ஆதாரமாகக் காட்டும் உறுதியைக் கண்டால் நிதானிக்கவேண்டும்.

மூன்றாவது ஏடு நிலம். உறுதியிலே காணியின் பெயர், பரப்பு, நான்கெல்லை ஆகியன எழுதப்பட்டிருக்கும். புலம், கலட்டி, ஒல்லை, வளவு என்று முடியும் அப்பெயர்களை இன்று பிள்ளைகள் அறியார். பரப்பிலும் ஒரு கவனம் வேண்டும். வரகுப் பரப்பு 18 குழி. நெற்பரப்பு 12 குழி. ஓர் ஏக்கருக்கு முன்னது 16 பரப்பு. பின்னது 24 பரப்பு. எந்தப் பரப்பு என்று பாராமல் விலை பேசினால் மூன்றில் ஒரு பங்கு நிலம் கணக்கிலே மறைந்துவிடும். எல்லைகளோ பெரும்பாலும் மனிதர் பெயரால் எழுதப்பட்டவை. 'கிழக்கு இன்னாரின் காணி' என்றிருக்கும். அவர் இறந்து இரண்டு தலைமுறை சென்றிருக்கும்.

நெடுந்தீவிலே முருகைக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள் உண்டு. சாந்தில்லாமல் நிற்பன எனினும், எல்லையை நெடுங்காலம் காத்து வருவன. மற்றத் தீவுகளிலே கதியாலும் பனையோலையுமே வேலி. கதியாலுக்குக் கால் உண்டு என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்வர். ஒவ்வோர் ஆண்டும் வேலி அடைக்கும்போது ஒரு சாண் நகரும்! ஆள் இல்லாத ஊரிலே அது எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? ஆகவே பழைய பிளான் இருப்பினும், அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு புதிதாக அளப்பித்து, அயற்காணிக்காரர் முன்னிலையிலே எல்லைக் கல்லை நாட்டுவித்தல் சிறந்தது. அயலவர் அன்று மறுக்காவிடின் நாளை மறுத்தல் அரிதாகும். அன்றே மறுப்பாராயின் பணம் கொடுக்குமுன்னே அறிந்துகொள்கிறோம். இரண்டும் இலாபமே.

நிலத்தைப் பார்க்கும்போது கிணற்றையும் வழியையும் மறக்கலாகாது. உவர்நீர் சூழ்ந்த தீவுகளிலே நன்னீர்க் கிணறு பொன்னினும் அரியது. கிணறு முழுவதும் நமக்கா, பங்கா? பங்காயின் எத்தனையில் ஒன்று? கிணற்றுக்குப் போகும் வழியும் வாய்க்காலும் யாருடைய காணியூடாகச் செல்கின்றன? இவை உறுதியிலே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வீட்டிலே இப்பொழுது யார் இருக்கிறார் என்பதையும் நேரிற் சென்று கேட்டறிய வேண்டும். 'அவர்கள் காவலுக்கு இருக்கிறவர்கள்; சொன்னால் எழும்புவார்கள்' என்பதை விற்பவர் வாயாற் கேட்டால் போதாது; இருப்பவர் வாயாலும் கேட்கவேண்டும். காணி ஒற்றியாகக் கொடுக்கப்பட்டதாயின், ஒற்றிக்காரருக்குப் பணம் தீர்ந்ததா என்பதையும் அறிதல் வேண்டும்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், அவருடைய அற்றோணித் தத்துவத்தைக் கொண்டு வேறொருவர் ஒப்பமிட வருவார். அத்தத்துவத்தின் மூலப்பிரதியைப் பார்க்கவேண்டும். இந்தக் காணியை விற்க அது வெளிப்படையாக அதிகாரம் தருகிறதா, பதியப்பட்டதா, மீளப்பெறப்பட்டதா என்று தேடவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, கொடுத்தவர் இன்று உயிரோடிருக்கிறாரா என்பது. அவர் இறந்தால் தத்துவமும் இறந்துவிடும். ஒரு தொலைபேசி அழைப்பிலே அவர் முகத்தைக் கண்டு, அவர் வாயால் விலையைக் கேட்டறிவது இன்று எளிது. அதனைச் செய்ய ஒருவர் தடை சொன்னால், அத்தடையே ஒரு பதில்.

போரிலே உறுதி தொலைந்துவிட்டது என்பாரை உடனே ஐயுறவும் வேண்டாம். உறுதியின் மூலம் தரப்பாரிடம் இருக்கும். மூலப்படிவம் நொத்தாரிசிடம் இருக்கும். மற்றொரு பிரதி பதிவகத்துக்குப் போகும். ஒன்று தொலைந்தாலும் மற்றொன்றிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி பெறக்கூடும். தொலைந்த உறுதிக்குப் பிரதி தேடி எடுப்பவர் நேர்மையானவர். தொலைந்ததைக் காரணமாகக் காட்டிப் புதிய உரிமை எழுதுபவரையே அஞ்சவேண்டும்.

இன்னும் சில சுருக்கமாகச் சொல்வேன். காணி தனியாருக்குரியதா, அரசுக்குரியதா என்பதைப் பிரதேச செயலகத்திலே அறியலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப் பத்திரத்தால் வழங்கப்பட்ட காணியை, உரிய அனுமதியின்றி விற்றல் கூடாது. கோயிலுக்கோ தருமத்துக்கோ விடப்பட்ட காணியா என்றும் கேட்கவேண்டும். பிரதேச சபையிலே வரி நிலுவையையும் வீதிக்கோட்டையும் பார்க்கவேண்டும். கடலோர வீடாயின், 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் கரையிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள வலயத்திலே கட்டட வேலைகளைக் கட்டுப்படுத்துகிறது என்பதை மனத்திற் கொள்க. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் தம் பெயரில் வாங்க விரும்பினால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அந்நிய நாட்டவர்க்குக் காணி கைமாறுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. இரட்டைப் பிரசாவுரிமை உடையவர் போன்ற சிலருக்கே விலக்கு உண்டு. சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

இவற்றையெல்லாம் கேட்டு, 'இவ்வளவு சந்தேகத்தோடு ஒருவர் வீடு வாங்க முடியுமா? விற்பவர் மனம் புண்படாதா?' என்று சிலர் நினைக்கக்கூடும். நம்மூரில் விற்பவரும் வாங்குபவரும் எங்கேனும் ஓர் உறவு முறையில் வந்து சேர்வர். 'அண்ணரிடம் உறுதி கேட்பதா?' என்னும் கூச்சம் இயல்பு. ஆனால் தேடுதல் அண்ணரைச் சந்தேகிப்பதாகாது. அண்ணருக்கே தெரியாத பங்குக்காரர் இருக்கலாம். அவர் தந்தையார் பெற்ற கடன் இருக்கலாம். நேர்மையாக விற்பவருக்குத் தேடுதலால் நட்டமில்லை. பின்னாளிலே தம் பெயர் வழக்கிலே இழுபடாதென்ற நிம்மதியும் உண்டு.

வாங்குபவரின் பணத்தோடு காரியம் முடிந்துவிடுவதுமில்லை. அந்த உதாரணத்திலே கொழும்பு விதவையை நினைத்துப் பாருங்கள். அவருடைய பிள்ளைக்குத் தகப்பன் வழியால் வந்த ஒரே சொத்து அந்த நாலில் ஒரு பங்காயிருக்கலாம். அதனை யாரும் அவரைக் கேட்காமலே விற்றுவிட்டனர். வாங்க வந்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் பெயர் வெளிவந்திருக்கும். அவரும் ஒப்பமிட்டு, தம் பங்கின் பணத்தையும் பெற்றிருப்பார். வாங்கியவருக்கும் முழு வீடு கிடைத்திருக்கும். ஆகவே தேடுதல் வாங்குபவரின் தற்காப்பு மாத்திரமன்று. ஊரில் இல்லாதவருக்காக ஊரில் உள்ளவர் செய்யும் கடமையும் ஆகும். தீவகத்தின் மக்களிற் பலர் ஊரில் இல்லாத இக்காலத்தில் அக்கடமை முன்னையினும் பெரிது.

அன்று தேவாலயத்திலே மூன்று ஞாயிறு கூவி அறிவித்தார்கள். கேட்க ஊர் இருந்தது. இன்று ஊர் ஐந்து கண்டங்களிலே சிதறிக் கிடக்கிறது, கூவுபவரும் இல்லை. நாம்தாம் ஒவ்வொருவராகத் தேடிக் கேட்கவேண்டும். பதிவேட்டைப் பாருங்கள், குடும்பத்தைக் கேளுங்கள், நிலத்திலே நடந்து பாருங்கள். மூன்றும் ஒத்துவந்தபின் உறுதியை முடித்து, தாமதியாமற் பதிந்துகொள்ளுங்கள். அப்பொழுதுதான் உறுதி என்ற சொல் தன் பெயருக்கு ஏற்றதாகும்.